ஆலன் டெய்ட்: போனதும் வந்ததும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்காட்லாந்தின் தென்எல்லை நகரங்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில் ஆலன் டெய்ட் என்ற ரக்பி வீரரைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. 15 பேர் ஆடும் யூனியன் ஆட்டத்திலிருந்து 13 பேர் ஆடும் லீக் ஆட்டத்துக்குப் போய், மீண்டும் யூனியனுக்கே வந்து சேர்ந்தவர்களில் அவரளவுக்குத் தேர்ச்சியுடன் திரும்பியவர்கள் மிகச் சிலரே என்று அதில் சொல்லியிருந்தீர்கள். நான் கண்டியில் பள்ளி அணிக்காக ரக்பி ஆடியவன். எங்கள் ஊரில் இந்த ஆட்டத்துக்கு உள்ள மதிப்பை நீங்கள் அறிவீர்கள். ஆகவே இந்தப் பாராட்டை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை.

தன் நாட்டுக்காக உலகக் கோப்பையில் ஆடிய ஒருவர், மறு ஆண்டே சம்பளத்துக்காக அந்தச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறார். யூனியனிலும் சம்பளம் தரலாம் என்று விதி மாறியதும் அதே சட்டையை வாங்கி அணிந்துகொள்கிறார். நடுவிலிருந்த ஆண்டுகளில் ஒரு காசும் வாங்காமல் ஆடி, காயம்பட்டு, திங்கட்கிழமை வேலைக்கும் போனவர்களுக்கு இது அநீதி இல்லையா? அடுத்தது ஆட்டத்தைப் பற்றிய ஐயம். இரு அணியினரும் தோளோடு தோள் முட்டித் தள்ளும் ஸ்கிரம் லீக்கில் பெயருக்குத்தான். வெளியே போன பந்தை இரு வரிசைகளுக்கு நடுவே எறிந்து தாவிப் பிடிக்கும் லைன்அவுட் கிடையாது. தரையில் கிடக்கும் பந்துக்காக இரு அணிகளும் மல்லுக்கட்டுவதும் கிடையாது. அங்கே எட்டு ஆண்டுகளைக் கழித்தவர் 32 வயதில் யூனியனுக்கு எதைக் கொண்டுவந்திருக்க முடியும்? 1997-இல், பிரிட்டன், அயர்லாந்து வீரர்கள் சேர்ந்து ஆடும் லயன்ஸ் அணி வென்றதால் அவர் பெயரும் பெரிதாகிவிட்டது என்றே நான் நினைக்கிறேன்.

அவர் ஆடிய ஆட்டங்களில் ஒன்றை மட்டும் பார்ப்பதென்றால் எதைப் பார்க்கச் சொல்வீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

ச.,
கண்டி

அன்புள்ள ச.,

டெய்ட் பணத்துக்காகத்தான் போனார். அதைப் பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை. 1988-இல் விட்னெஸ் என்ற லீக் கழகம் நீட்டிய ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்திட்டது, தனக்கு நன்றாகக் கைவந்த ஒரு தொழிலைச் செய்து அதற்குரிய ஊதியத்தைப் பெறலாம் என்பதற்காகத்தான். அநீதி நடந்தது என்பதிலும் உங்களோடு நான் உடன்படுகிறேன். அதை இழைத்தவர் யார் என்பதில்தான் நம் கருத்துகள் பிரிகின்றன.

இந்த இரண்டு ஆட்டங்களும் பிரிந்ததே கூலியை முன்னிட்டுத்தான். சனிக்கிழமை ஆட்டத்துக்காக ஆலையிலும் சுரங்கத்திலும் வேலையை விட்டுவிட்டு வருபவனுக்கு, இழந்த கூலிக்கு ஈடாக நாளொன்றுக்கு 6 ஷில்லிங் தரலாமா கூடாதா என்பதே வழக்கு. ஆட்டத்தை ஆண்டுகொண்டிருந்த சங்கம் கூடாது என்றது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் வட இங்கிலாந்தின் கழகங்கள் கூடித் தங்களுக்கென்று தனிச் சங்கத்தை அமைத்துக்கொண்டன. ஆட்களை 13 ஆகக் குறைத்ததும், பிடிபட்டவர் எழுந்து பந்தைக் காலால் பின்னே உருட்டி ஆட்டத்தைத் தொடரும் முறையைக் கொண்டுவந்ததும் 1906-இல்தான். அதாவது, முதல் பத்தாண்டுகளுக்கு மேலாக, ஏறக்குறைய ஒரே ஆட்டத்தை ஆடிய இரு கூட்டத்தார், ஒரு தொழிலாளிக்கு அரைநாள் கூலி தரலாமா என்பதற்காக ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருந்தார்கள்.

லீக்குக்குப் போனவர்களுக்கு யூனியன் சங்கங்கள் விதித்த தண்டனை ஆயுட்காலத் தடை. லீக் கழகமொன்றில் ஒரே ஒரு சோதனை ஆட்டம் ஆடினாலும் போதும், தடை வந்து சேரும். அதனால் அத்தகைய ஆட்டங்களில் புதியவரின் பெயரை அச்சிடாமல் ‘இன்னொருவர்’ என்று மட்டும் போடும் வழக்கமே இருந்தது. ஆடுகளத்தோடு அது நிற்கவுமில்லை. போனவர் தன்னை வளர்த்த கழகத்தின் கட்டடத்துக்குள் வந்து பழைய தோழர்களோடு உட்காரவும், அங்குள்ள சிறுவர்களுக்குப் பயிற்சி தரவும் வழியில்லாமல் போனது. இவ்விஷயத்தில் ஸ்காட்லாந்துச் சங்கத்தைப்போல் இறுக்கமானது வேறில்லை. 1905-இல் வந்த நியூசிலாந்து அணிக்கு முன்கூட்டி ஒரு தொகையை உறுதியளிக்க மறுத்து, வேண்டுமானால் நுழைவுக் கட்டண வருமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அது சொல்ல, கூட்டம் திரண்டு வந்து வருமானம் முழுதும் விருந்தாளிகளின் பையில் போய் விழுந்தது. சிக்கனக்காரர்கள் என்று பெயரெடுத்தவர்கள் கொள்கைக்காக நட்டப்பட்டதாக அதை வேடிக்கையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் வேடிக்கையைவிடப் பிடிவாதமே அதிகம் தெரிகிறது.

ராய் கின்னியரின் கதையை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. எடின்பரோவின் ஹெரியட்ஸ் கழகத்திலிருந்து வந்து, 1924-இல் லயன்ஸ் அணியோடு தென்னாப்பிரிக்கா சென்று, 1926-இல் ஸ்காட்லாந்துக்காக ஆடியவர் அவர். அதன்பின் விகன் கழகத்தில் லீக் ஆடப் போனார். லீக்கின் பழம்பெரும் போட்டியான சேலஞ்ச் கோப்பையின் இறுதி ஆட்டம் முதன்முதலாக வெம்ப்ளியில் நடந்த 1929-இல், வென்ற விகனுக்காக ஒரு டிரை (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றிப் பெறும் புள்ளி) அடித்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டபோது, படையில் சேர்ந்த லீக் ஆட்டக்காரர்கள் யூனியன் ஆடலாம் என்று சங்கங்கள் தடையைத் தளர்த்தின. விமானப் படையில் சேர்ந்திருந்த கின்னியர் 1942-இல் அப்படி ஒரு யூனியன் ஆட்டத்தை ஆடிக்கொண்டிருக்கும்போதே விழுந்து இறந்தார். அப்போது அவருக்கு வயது 38. போர் என்றால் விலகுகிற தீட்டு, போர் முடிந்ததும் மறுபடி ஒட்டிக்கொண்டது.

கின்னியர் தலைநகரத்துக்காரர். டெய்ட் பிறந்த எல்லைப்புறத்தின் நிலை வேறு. எடின்பரோவின் கழகங்கள் பெரும்பாலும் கட்டணப் பள்ளிகளின் பழைய மாணவர்களுக்காக உண்டானவை. ஹாயிக், காலாஷீல்ஸ், ஜெட்பரோ, செல்கர்க், மெல்ரோஸ், கெல்சோ ஆகிய ஊர்களிலோ ரக்பி ஊரார் அனைவருடைய ஆட்டம். கம்பளி நெசவாலைத் தொழிலாளியும் பண்ணைக்காரரும் வங்கி எழுத்தரும் ஒரே அணியில் ஆடினார்கள். எழுவர் ரக்பி தோன்றியதே 1883-இல் மெல்ரோஸில்தான், கழகத்துக்குப் பணம் திரட்ட ஓர் இறைச்சிக் கடைக்காரர் சொன்ன யோசனையால். இந்த ஊர்களிலிருந்து இங்கிலாந்தின் எல்லை சில மைல்தான். லீக் கழகங்களின் ஆள்தேடிகள் அங்கே வந்துபோவது ஊரறிந்த இரகசியம்.

அப்படிப் போனவர்களில் ஹாயிக்கின் டேவ் வாலன்டைன் ஒருவர். 1947-இல் ஸ்காட்லாந்துக்காக ஆடிவிட்டு அதே ஆண்டு ஹடர்ஸ்ஃபீல்டுக்குப் போனார். 1954-இல் பிரான்சில் நடந்த லீக் உலகக் கோப்பையில் கிரேட் பிரிட்டன் அணிக்குத் தலைமை தாங்கி, பாரிஸில் பிரான்சை 16–12 என்று வென்று கோப்பையை வாங்கினார். ரக்பியின் இரு வடிவங்களிலும் உலகக் கோப்பை என்று ஒன்று நடந்தது அதுவே முதல் முறை. யூனியனுக்கு அது வர மேலும் 33 ஆண்டுகள் ஆயின. ரக்பி உலகக் கோப்பையைக் கையில் ஏந்திய முதல் அணித்தலைவர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர், அதுவும் சொந்த நாட்டுச் சங்கத்தால் விலக்கி வைக்கப்பட்டவர். இன்னொருவர் கெல்சோவின் ஜார்ஜ் ஃபேர்பேர்ன். 1974-இல் விகனுக்குப் போய், 1980-இல் லீக் ஆட்டத்தின் ஆண்டுச் சிறந்த வீரருக்கான ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ விருதைப் பெற்ற, வரிசைக்குப் பின்னால் நிற்கும் ஃபுல்பேக். அன்று லீக்கில் ஸ்காட்லாந்துக்கென்று அணி இல்லை. ஆகவே அந்தக் கெல்சோக்காரர் இங்கிலாந்து அணிக்காக ஆடினார்! நாட்டுச் சட்டையைப் பற்றிக் கவலைப்படும் நீங்கள் இதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

டெய்ட்டின் தந்தையும் கெல்சோவிலிருந்து லீக் ஆடப் போனவரே. கம்பர்லாந்துக் கடற்கரையில், நிலக்கரிக்கும் உருக்குக்கும் பேர்போன வொர்கிங்டன் நகரின் கழகத்துக்கு அவர் ஆடினார். மகனின் சிறுவயதில் ஒரு பகுதி அங்கே கழிந்தது. 1964-இல் பிறந்த அந்த மகனுக்கு லீக் என்பது பின்னாளில் சம்பளம் இழுத்துச் சென்ற அயலூராக இருந்திருக்க முடியாது. தந்தையின் பிழைப்பாக அவர் முதலில் கண்ட ஆட்டமே அதுதான்.

சம்பளமின்றி ஆடியவர்களைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. டெய்ட்டோடு கெல்சோவில் ஆடிய ஜான் ஜெஃப்ரி, பண்ணையைக் கவனித்துக்கொண்டே நாட்டுக்காகப் பல ஆண்டுகள் ஆடிய மாபெரும் வீரர். ஆனால் அவர்களுக்குச் சம்பளத்தை மறுத்தது டெய்ட் அல்லவே. 1975-இல் வேல்ஸுக்கு எதிரான ஆட்டத்தைப் பார்க்க எடின்பரோவின் மரேஃபீல்டு மைதானத்தில் 1,04,000 பேர் கூடினார்கள். களத்தில் இறங்கிய 30 பேரில் எவருக்கும் அந்த வசூலிலிருந்து ஒரு பென்னிகூடச் சம்பளம் இல்லை. சீட்டு விற்றுப் பணம் சேர்த்த சங்கம், ஆடுகிறவனின் உழைப்புக்கு விலை வைப்பது அசிங்கம் என்று சொன்னால், அந்த அறத்தை நான் சந்தேகத்துடன்தான் பார்ப்பேன்.

போனதற்கு அவர் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். 1987-இல் முதல் யூனியன் உலகக் கோப்பையில், கிரைஸ்ட்சர்ச்சில் பிரான்சுக்கு எதிராக ஜான் ரதர்ஃபோர்டு முழங்காலில் அடிபட்டு வெளியேறியபோது, மாற்று ஆட்டக்காரராக டெய்ட் முதன்முதலாக ஸ்காட்லாந்துக்குக் களமிறங்கினார். ஆட்டம் 20–20 என்று சமனில் முடிந்தது. அடுத்து ஜிம்பாப்வேக்கும் ருமேனியாவுக்கும் எதிராகத் தலா இரண்டு டிரைகள். காலிறுதியில் நியூசிலாந்திடம் 30–3 என்ற தோல்வி. மறு ஆண்டு, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து, பிரான்ஸ் ஆகியவை மோதும் ஐந்து நாடுகள் போட்டியிலும் ஆடினார். அதோடு அந்தப் பக்கம் மூடிக்கொண்டது. 1990 மார்ச் 17 அன்று மரேஃபீல்டில் இங்கிலாந்தை 13–7 என்று வென்று, அந்தப் போட்டியில் நான்கு எதிரணிகளையும் வீழ்த்தினால் கிடைக்கும் கிராண்ட் ஸ்லாமை ஸ்காட்லாந்து பெற்றபோது, அவர் ஆடியிருக்கக்கூடிய சென்டர் இடங்களில், அதாவது பின்வரிசையின் நடுவில், ஷான் லினீனும் ஸ்காட் ஹேஸ்டிங்ஸும் நின்றார்கள். 1991 உலகக் கோப்பையின் அரையிறுதி வரை ஸ்காட்லாந்து சென்றபோதும் அவர் இல்லை. ஒரு ஸ்காட்லாந்து வீரர் தன் வாழ்நாளில் விரும்பக்கூடிய மிகப் பெரிய நாள் அவருடைய 25-ஆம் வயதில் அவர் இல்லாமலே வந்துபோயிற்று. இதைப் பணயம் வைத்துத்தான் அவர் போனார்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான், ஏனென்றால் நீங்கள் லீக்கின் குறைகளாகப் பட்டியலிட்டவையே டெய்ட்டை உருவாக்கின.

தரையில் கிடக்கும் பந்துக்குப் போராட்டம் இல்லை என்று சொன்னீர்கள். உண்மை. தாக்கும் அணிக்கு ஆறு முறை பிடிபடும் வரை பந்து அதனிடமே இருக்கும். ஒவ்வொரு முறையும் தடுக்கும் அணி பின்வாங்கி வரிசை கட்ட வேண்டும். டெய்ட் போனபோது 5 மீட்டர், 1993 முதல் 10 மீட்டர். போராட்டம் இல்லாததால் என்ன ஆகிறது? யூனியனில் எட்டுப் பேர் பந்தின்மேல் குவிந்துகிடக்கும் நேரத்தில், லீக்கில் அத்தனை பேரும் எழுந்து நின்று வரிசையில் இருக்கிறார்கள். இடைவெளியே இல்லாத அந்தச் சுவரில், இரண்டு தோள்களுக்கு நடுவே அரை நொடிக்குத் திறக்கிற இடுக்கைக் கண்டுபிடித்து, முழு வேகத்தில் அந்தக் கோணத்தில் ஓடிவந்து, கடைசிக் கணத்தில் பந்தை வாங்கத் தெரியாதவன் அங்கே ஒரு பருவம்கூட நிலைக்க முடியாது. தடுப்பும் அப்படியே. ஒருவரைப் பிடித்து வீழ்த்தியவர் எழுந்து ஓடி மறுபடி வரிசைக்கு வந்து நிற்க வேண்டும். ஓர் ஆட்டத்தில் இதைச் செய்துகொண்டே இருக்க வேண்டும். ஒளிந்துகொள்ள இடமில்லை. 1980-களின் யூனியன் சென்டரோ, மழை பெய்யும் நாளில் கால் மணி நேரம் பந்தையே தொடாமல் கைகளைத் தேய்த்துக்கொண்டு நிற்கலாம்.

விட்னெஸில் டெய்ட் ஃபுல்பேக் ஆனார். லீக்கின் ஃபுல்பேக் வரிசைக்குப் பின்னால் நின்று, எந்தப் பக்கம் ஆள் குறைகிறது என்று எண்ணிக் குரல் கொடுத்து மற்ற பன்னிருவரையும் நகர்த்துபவர். தன் அணி தாக்கும்போது எங்கிருந்தோ கூடுதல் ஆளாக வந்து கோட்டில் நுழைபவரும் அவரே. ஆட்டத்தை முழுதாகப் பார்க்கும் இடம் அது. வேதித் தொழிற்சாலைகளின் நகரமான விட்னெஸில் பயிற்றுநர் டக் லாட்டன் அப்போது யூனியனிலிருந்து ஆட்களைப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டிருந்தார். லண்டனின் ராஸ்லின் பார்க் கழகத்திலிருந்து மார்ட்டின் ஆஃபையா முன்பே வந்திருந்தார். வேல்ஸின் ஜானதன் டேவிஸ் 1989 தொடக்கத்தில் வந்தார். அந்த அணி 1988–89 பருவத்தில் லீக் பட்டத்தை வென்றது. 1989 அக்டோபரில் ஓல்டு டிராஃபோர்டில் ஆஸ்திரேலியாவின் கான்பரா ரெய்டர்ஸிடம் 12–0 என்று பின்தங்கி, பிறகு 30–18 என்று வென்று உலகக் கழகப் பட்டத்தையும் எடுத்தது. பருவ இறுதியில் நடக்கும் பிரீமியர்ஷிப் இறுதி ஆட்டத்தில் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரப்படும் ஹாரி சண்டர்லாண்ட் கோப்பையை 1989, 1990 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் டெய்ட்டே பெற்றார். ஆஃபையாவும் டேவிஸும் இருந்த அணியில் அடுத்தடுத்து இரு இறுதி ஆட்டங்களின் நாயகன் ஒரு கெல்சோ ஃபுல்பேக் என்பதைக் கவனியுங்கள். யூனியன் ஆட்கள் லீக்குக்குப் போய் ஓரத்தில் ஓடுவது எளிது. நடுவிலும் பின்னாலும் நின்று அணியை நடத்துவது எளிதன்று. கிரேட் பிரிட்டன் அணிக்கும் அவர் தேர்வானார்.

1992-இல் லாட்டனைத் தொடர்ந்து லீட்ஸுக்குப் போனார். கிரிக்கெட் பார்ப்பவர்கள் அறிந்த ஹெடிங்லி மைதானத்தின் மறுபக்கம்தான் அந்தக் கழகத்தின் ஆடுகளம். அங்கே பெரிதாகக் கோப்பைகள் கிடைக்கவில்லை. 1994, 1995 இரு ஆண்டுகளிலும் சேலஞ்ச் கோப்பை இறுதியில் லீட்ஸ் விகனிடம் தோற்றது. அந்த ஆண்டுகளின் விகனிடம் எல்லோரும்தான் தோற்றார்கள்.

1995-இல் இரண்டு காரியங்கள் நடந்தன. லீக் ஆட்டத்துக்கும் ஸ்காட்லாந்து அணி ஒன்று உருவானது. அதன் பயிற்றுநர், முன்பு இங்கிலாந்துக்காக ஆட வேண்டியிருந்த அதே ஃபேர்பேர்ன். அந்த அணியில் டெய்ட் ஆடினார். ஆக, ஸ்காட்லாந்துச் சட்டையை அவர் மறுபடி அணிந்தது முதலில் லீக்கில்தான், யூனியன் அழைப்பதற்கு முன்பே. இரண்டாவது, ஆகஸ்ட் 26 அன்று பாரிஸில் கூடிய சர்வதேச யூனியன் சபை, இனி ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் தரத் தடையில்லை என்று அறிவித்தது. ஹடர்ஸ்ஃபீல்டு கூட்டத்தின் நூறாவது ஆண்டு நிறைவுக்கு மூன்று நாள் இருந்தது! நூறு ஆண்டுகளாகக் குற்றம் என்று சொன்னதை ஒரு பிற்பகலில் விதியாக்கிக்கொண்டது யூனியன். அதற்குப் பிறகும் டெய்ட்டைப் பார்த்து, ‘காசு வந்ததும் திரும்பி வந்தவர்’ என்று சொல்வது எனக்கு விசித்திரமாக இருக்கிறது. சம்பளத்தைப் பற்றிய கருத்தை அவர் 1988-இலும் 1996-இலும் மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றிக்கொண்டவர்கள் மற்றவர்கள்.

அவர் திரும்பிச் சேர்ந்த கழகம் நியூகாசில். தொழிலதிபர் ஜான் ஹால் வாங்கி, இங்கிலாந்து வீரர் ராப் ஆண்ட்ரூவிடம் ஒப்படைத்திருந்த அந்தக் கழகம் அப்போது இரண்டாம் பிரிவில் இருந்தது. லீக்கிலிருந்து மீண்ட ஜான் பென்ட்லியும், எல்லைப்புறத்துக்காரர்களான கேரி ஆம்ஸ்ட்ராங், டாடி வியர் ஆகியோரும் அங்கே சேர்ந்தார்கள். ஒரே பருவத்தில் முதல் பிரிவுக்கு ஏறி, 1997–98-இல் இங்கிலாந்தின் பட்டத்தையே வென்றார்கள். இதற்கிடையில் 1997 மார்ச்சில், ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, மரேஃபீல்டில் அயர்லாந்துக்கு எதிராக ஸ்காட்லாந்து அவரை மீண்டும் களமிறக்கியது. 38–10 வெற்றியில் ஒரு டிரை அவருடையது. இரண்டு வாரத்தில் பாரிஸில் ஸ்காட்லாந்து 47–20 என்று நொறுங்கியபோதும் இரண்டு டிரைகள் அவருடையவை.

லயன்ஸ் வெற்றியால் அவர் பெயர் பெரிதாயிற்று என்கிறீர்கள். அந்த வெற்றி எப்படி வந்தது என்று பார்ப்போம். பயிற்றுநர் இயன் மெக்கீகன் 1997 அணியில் லீக்கிலிருந்து திரும்பிய ஆறு பேரைச் சேர்த்தார்: டெய்ட், பென்ட்லி, ஸ்காட் கிப்ஸ், ஆலன் பேட்மன், ஸ்காட் குவின்னல், டாய் யங். எதிரே நின்றது 1995 உலகக் கோப்பையை வென்ற தென்னாப்பிரிக்கா. கேப்டவுனில் முதல் டெஸ்டில் டெய்ட் தன் வழக்கமான இடத்தில் அல்லாமல் களத்தின் ஓரத்தில், விங்கில் ஆடினார். மேட் டாசன் எதிராளிகளை ஏமாற்றி அடித்த டிரையால் லயன்ஸ் முன்னிலை பெற்றதும், இறுதி நிமிடங்களில் டெய்ட் மூலையில் நுழைந்து ஆட்டத்தை 25–16 என்று முடித்துவைத்தார். இரு கைவிரல்களையும் துப்பாக்கிபோல் நீட்டிக்கொண்டு அவர் நின்ற படம் பலருக்கு நினைவிருக்கும். ஆனால் உங்கள் ஐயத்துக்கு விடை சொல்வது டர்பனில் நடந்த இரண்டாவது டெஸ்ட். தென்னாப்பிரிக்கா மூன்று டிரைகள் அடித்தது, லயன்ஸ் ஒன்றும் அடிக்கவில்லை. நீல் ஜென்கின்ஸின் ஐந்து பெனால்டி உதைகளாலும், பந்தைத் தரையில் விட்டு எழும்போது உதைத்த ஜெரமி கஸ்காட்டின் டிராப் கோலாலும் 18–15 என்று வென்றார்கள். எதிரணியினர் கோலுக்கு உதைத்ததையெல்லாம் தவறவிட்டார்கள் என்பது உண்மைதான். அதைவிட முக்கியமானது, அலை அலையாக வந்த தாக்குதலின் பெரும்பகுதியைத் தடுத்து நின்ற அந்த வரிசை. அது லீக்கில் படித்த பாடம். டெய்ட்டும் கிப்ஸும் எட்டாண்டும் இரண்டாண்டுமாகப் படித்துவிட்டு வந்த அந்தப் பாடத்தைப் பிறகு யூனியன் நாடுகள் விலை கொடுத்தே வாங்கின. இங்கிலாந்து லீக் பயிற்றுநர் ஃபில் லார்டரைத் தடுப்புப் பயிற்சிக்கு அமர்த்தியது. லீக்கிலிருந்து வந்த ஜான் மக்கிள்டன் பயிற்றுவித்த ஆஸ்திரேலியா 1999 உலகக் கோப்பை முழுவதிலும் ஒரே ஒரு டிரையைத்தான் விட்டுக்கொடுத்தது.

காயத்தால் டெய்ட் மூன்றாவது டெஸ்டில் ஆடவில்லை. லயன்ஸ் வெற்றியை மட்டும் வைத்து அவரை மதிப்பிட்டால் நீங்கள் சொல்வதில் ஓரளவு நியாயம் இருக்கக்கூடும். ஆகவே 1999-க்கு வருகிறேன்.

அது ஐந்து நாடுகள் போட்டியின் கடைசி ஆண்டு. மறு ஆண்டு இத்தாலி சேர்ந்து அது ஆறாகிவிட்டது. ஸ்காட்லாந்திடம் எவரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. முதல் ஆட்டத்தில் வேல்ஸுக்கு எதிராக டங்கன் ஹாட்ஜ் கால் முறிந்து வெளியேறினார். கிரெகர் டவுன்செண்ட் அவருடைய இடத்துக்கு நகர, டெய்ட் சென்டரில் வந்து நின்றார், 1987-இல் ரதர்ஃபோர்டுக்கு அடிபட்டபோது வந்ததைப் போலவே. அந்த ஆட்டத்தில் ஒரு டிரை. ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்திடம் 24–21 என்று தோற்ற ஆட்டத்தில் இரண்டு. அயர்லாந்தை வென்ற ஆட்டத்தில் ஒன்றுமில்லை. பாரிஸில் இரண்டு. நான்கு ஆட்டங்களில் ஐந்து டிரைகள், 34 வயதில். இவற்றை அவர் தனியாக உண்டாக்கினார் என்று சொல்லமாட்டேன். அருகில் நின்ற ஜான் லெஸ்லி, மோதலுக்குள் போய்க்கொண்டே பந்தை வெளியே தள்ளிவிடும் கலையில் தேர்ந்தவர். டவுன்செண்ட் அந்தப் பருவத்தில் நான்கு எதிரணிகளுக்கு எதிராகவும் டிரை அடித்தவர். ஆனால் அவர்கள் திறந்துவிட்ட சந்துக்குள் சரியான கோணத்தில், சரியான கணத்தில் வந்து நிற்க ஒருவர் தேவைப்பட்டார். அந்த ஓட்டத்தைக் கெல்சோவில் கற்றுத்தரவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். 23 வயதில் ஸ்காட்லாந்துக்கு ஆடிய டெய்ட் வேகமான, நல்ல சென்டர். 34 வயதில் ஆடியவர், கால் வேகம் குறைந்தபின்னும், அவரைவிடச் சிறந்த சென்டர். இடைப்பட்ட எட்டு ஆண்டுகளைத் தவிர இதற்கு வேறு காரணத்தை நான் காணவில்லை.

ஸ்காட்லாந்துக்காக அவர் ஆடிய யூனியன் ஆட்டங்கள் 27, டிரைகள் 17. அவற்றில் கடைசியானது 1999 அக்டோபரில், உலகக் கோப்பைக் காலிறுதியில் 30–18 என்று நியூசிலாந்திடம் தோற்ற ஆட்டம். பின்னர் பயிற்றுநராகச் சில காலம் இருந்து, நியூகாசில் கழகத்தின் தலைமைப் பயிற்றுநராகவும் பணியாற்றினார். 

பார்க்க வேண்டிய ஆட்டம் எது என்று கேட்டிருந்தீர்கள். 1999 ஏப்ரல் 10, பாரிஸ், பிரான்ஸ் 22 – ஸ்காட்லாந்து 36. தொடக்கத்திலேயே பிரான்ஸ் ஒரு டிரை அடித்துவிடும், உடனே மூடிவிட வேண்டாம். ஸ்காட்லாந்தின் ஐந்து டிரைகளும் முதல் பாதியிலேயே வந்துவிடுகின்றன. டெய்ட் இரண்டு, மார்ட்டின் லெஸ்லி இரண்டு, டவுன்செண்ட் ஒன்று. மறுநாள் வெம்ப்ளியில் வேல்ஸ் கடைசி நேரத்தில் இங்கிலாந்தை 32–31 என்று வீழ்த்தியதால் பட்டம் ஸ்காட்லாந்துக்கு வந்து சேர்ந்தது. அந்தக் கடைசி டிரையை அடித்தவர், செயின்ட் ஹெலன்ஸில் லீக் ஆடிவிட்டுத் திரும்பியிருந்த ஸ்காட் கிப்ஸ். அதையும் தேடிப் பாருங்கள். ஆனால் பாரிஸ் ஆட்டத்தைப் பார்ப்பவர்களில் பலர் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். இடைவேளையின்போது 33–22. இரண்டாம் பாதியில் ஸ்காட்லாந்துக்கு ஒரு பெனால்டி, பிரான்சுக்கு ஒரு புள்ளியும் இல்லை. அந்த 40 நிமிடங்களில் பந்தை விட்டுவிட்டு டெய்ட்டை மட்டும் பாருங்கள். ஒருவரை வீழ்த்திய பிறகு எவ்வளவு விரைவில் எழுகிறார், எழுந்ததும் எங்கே போய் நிற்கிறார், பக்கத்தில் நிற்பவரை எந்தப் பக்கம் தள்ளி நிறுத்துகிறார் என்று கவனியுங்கள். பள்ளியில் ஆடியவர் என்பதால் என்னைவிட உங்களுக்கு அது அதிகம் புலப்படும். பார்த்தபின் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்